சீரியல் டெர்மினலை நெட்வொர்க் வழியாகச் சர்வரோடு இணைப்பது: கேபிள் முதல் லாகின் வரை

விசைப்பலகையும் திரையும் மட்டுமே கொண்ட பழைய டெர்மினல் ஒன்றை, எங்கோ இருக்கும் சர்வரோடு பேச வைக்க முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டிவிடுகிறார்கள். திரை கறுப்பாகவே இருக்கிறது. கேபிள் தவறா, வேகம் தவறா, லாகின் நிரல் ஓடவில்லையா, நெட்வொர்க் போய்விட்டதா? எல்லாக் கோளாறுக்கும் அறிகுறி அந்தக் கறுப்புத் திரைதான். அதனால் ஒரு அடுக்கைச் சோதித்து உறுதி செய்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும் என்பதை இங்கே பிடிவாதமாகக் கடைப்பிடிக்கப் போகிறேன். நெட்வொர்க் நான்காவது படியில்தான் வருகிறது. இருப்பதிலேயே எளிய பகுதியும் அதுதான். டெர்மினல் "கொஞ்சம் பொறு" என்று சொல்லும்போது அதைக் கேட்க ஆள் இருக்க வேண்டும்; டெர்மினலை அணைத்தால் அதன் லாகினும் முடிய வேண்டும். நேரத்தைத் தின்பவை இந்த இரண்டும்தான்.

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். அவற்றின் துல்லியமான வடிவத்தை உங்கள் கணினியின் கையேட்டுப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன கட்டப் போகிறோம்

டெர்மினலுக்கு ஈதர்நெட் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆர்எஸ்-232 மட்டுமே; பிட்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியில் அனுப்பும் பழைய சீரியல் இணைப்புத் தரம் அது. ஆகவே நடுவில் ஒரு பெட்டி வேண்டும்: ஒரு பக்கம் சீரியல் போர்ட், மறுபக்கம் நெட்வொர்க். இதற்கு டெர்மினல் சர்வர் என்று பெயர். 1980-களில் டெக் என்ற கணினி நிறுவனத்தின் டெக்சர்வர் பெட்டிகள் இந்த வேலையைச் செய்தன. அவை பேசிய லாட் நெறிமுறை நேரடியாக ஈதர்நெட்டின் மேல் ஓடியது, ரவுட்டரைத் தாண்டாது. பிறகு அந்த இடத்தை டெல்நெட் என்ற தொலை லாகின் நெறிமுறை பிடித்தது. இன்றும் 8, 16 போர்ட்கள் கொண்ட பெட்டிகள் விற்பனையில் உண்டு. ஒன்றிரண்டு டெர்மினலுக்கு என்றால் லினக்ஸ் ஓடும் சிறிய கணினியும் யுஎஸ்பி சீரியல் அடாப்டரும் போதும். நான் பரிந்துரைப்பதும் அதையே. கோளாறு வந்தால் உள்ளே எட்டிப் பார்க்க முடியும். ஆயத்தப் பெட்டியில் அது நடக்காது.

ஒரு எச்சரிக்கை. ஒற்றைப் பலகைக் கணினிகளில் சீரியல் என்று குறிக்கப்பட்ட பின்கள் இருக்கும். அவை பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. ஆர்எஸ்-232 கம்பியிலோ கழித்தல் 15 முதல் கூட்டல் 15 வோல்ட் வரை வரலாம். நேராக இணைத்தால் பலகை போய்விடும். மேக்ஸ்3232 போன்ற மின்னழுத்த மாற்றி சிப் ஒன்று நடுவில் வேண்டும். இல்லையென்றால் யுஎஸ்பி அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

படி 1: கேபிள்

பாதிக் கோளாறுகள் இங்கேதான். ஆர்எஸ்-232 உலகில் இரண்டு சாதிச் சாதனங்கள் உண்டு: கணினியும் டெர்மினலும் ஒரு பக்கம், மோடம் மறுபக்கம். இந்த இரண்டு சாதிக்கும் இடையில் நேர்க் கம்பி போட்டால் போதும். நாம் இணைப்பதோ டெர்மினலையும் கணினியையும், அதாவது ஒரே சாதியை. இருவரும் ஒரே பின்னில் பேசி ஒரே பின்னில் கேட்பவர்கள் என்பதால் கம்பிகளைக் குறுக்காகப் போட வேண்டும். இதைத்தான் நல் மோடம் கேபிள் என்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டெக்கின் விடி220 போன்ற டெர்மினல்களில் 25 பின் கனெக்டர். யுஎஸ்பி அடாப்டரில் 9 பின். 25 பின்னில் 2 அனுப்பும், 3 பெறும். 9 பின்னில் எண்கள் தலைகீழ்: 3 அனுப்பும், 2 பெறும். ஆகவே குறுக்குக் கேபிள் செய்யும்போது 2-ஐ 2-உடனும் 3-ஐ 3-உடனும்தான் இணைக்க வேண்டும். கண்ணுக்கு நேர்க் கம்பியாகத் தெரிவது உண்மையில் குறுக்குக் கம்பி. எண் நேராக இருக்கிறதே என்று "திருத்தப்" போய்க் கெடுத்தவர்கள் பலர்.

முழுக் கேபிளின் இணைப்பு இதோ. டிடிஆர், டிஎஸ்ஆர், டிசிடி என்பவை மறுமுனை இயங்குகிறதா என்று காட்டும் கம்பிகள்; ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்பவை அனுப்பலாமா பொறுக்க வேண்டுமா என்று சொல்பவை. டெர்மினலின் 25 பின் முதலில், அடாப்டரின் 9 பின் அடுத்து:

2 (அனுப்புதல்) — 2 (பெறுதல்)
3 (பெறுதல்) — 3 (அனுப்புதல்)
7 (தரை) — 5 (தரை)
20 (டிடிஆர்) — 1 (டிசிடி), 6 (டிஎஸ்ஆர்) இரண்டுக்கும்
6 (டிஎஸ்ஆர்), 8 (டிசிடி) இரண்டும் — 4 (டிடிஆர்)
4 (ஆர்டிஎஸ்) — 8 (சிடிஎஸ்)
5 (சிடிஎஸ்) — 7 (ஆர்டிஎஸ்)

முதல் மூன்று கம்பிகள் இருந்தாலே எழுத்துகள் போய் வரும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், நான்காவது வரியில் உள்ள டிடிஆர் கம்பி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் படி 7-இல் சொல்கிறேன்.

கையில் கிடைத்த கேபிள் எந்த வகை என்று தெரியாவிட்டால் மல்டிமீட்டர் சொல்லிவிடும். டெர்மினலை இயக்கி, 7-ஆம் பின்னில் கறுப்பு முனையையும் 2-ஆம் பின்னில் சிவப்பு முனையையும் வையுங்கள். சும்மா இருக்கும் அனுப்பும் கம்பியில் எதிர் மின்னழுத்தம் இருக்கும். கழித்தல் 5 முதல் கழித்தல் 12 வரை ஏதாவது காட்டும். பெறும் பின் பூஜ்யத்துக்கு அருகில் நிற்கும். கேபிளை டெர்மினலில் மாட்டி, மறுமுனையில் எந்தப் பின்னில் அந்த எதிர் மின்னழுத்தம் தெரிகிறதோ, அங்கேதான் அடாப்டரின் காது இருக்க வேண்டும்.

டெக்கின் பிந்தைய டெர்மினல்கள் சிலவற்றில் எம்எம்ஜே என்ற சிறு கனெக்டர் இருக்கும். தொலைபேசி ஜாக் போலவே தோன்றும். ஆனால் பூட்டு நாக்கு நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும். அதற்கென்று கேபிளும் மாற்றியும் தனி. ஈதர்நெட் போன்ற 8 பின் ஜாக்கில் சீரியல் தரும் பெட்டிகளில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த ஜாக்கின் பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒருவருடைய கேபிள் இன்னொருவருடைய பெட்டிக்கு உதவாது.

நீளத்துக்குப் பழைய கணக்கு 15 மீட்டர். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் நல்ல கேபிள் அதைத் தாண்டியும் போகும். ஆனால் நம்மிடம் நெட்வொர்க் இருக்கிறது. நடுப் பெட்டியை டெர்மினலுக்குப் பக்கத்திலேயே வைத்து, தூரத்தை ஈதர்நெட்டிடம் விட்டுவிடுங்கள்.

படி 2: வேகம்

டெர்மினலின் அமைப்புத் திரையில் 9600, 8 பிட், பாரிட்டி (பிழை கண்டறியும் கூடுதல் பிட்) இல்லை, 1 நிறுத்த பிட் என்று வையுங்கள். ஒரு எழுத்துக்குத் தொடக்க பிட்டும் நிறுத்த பிட்டும் சேர்த்து 10 பிட் ஆகிறது. அதாவது நொடிக்கு 960 எழுத்து. 24 வரி, 80 எழுத்து கொண்ட முழுத் திரையில் 1,920 எழுத்து. ஆகவே திரை முழுவதும் நிரம்ப 2 நொடி. மெதுவாகத் தோன்றலாம். டெலிடைப் 33 என்ற பழைய தட்டச்சு டெர்மினல் நொடிக்கு 10 எழுத்துதான் அடித்தது.

அடாப்டரை மாட்டும் முன் டெர்மினலைத் தனியாகச் சோதியுங்கள். அதன் 2, 3 பின்களைச் சிறு கம்பியால் இணைத்து, உள்ளூர் எதிரொலி அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். தட்டியது திரையில் வந்தால் டெர்மினல் நலம். அதே சோதனையை அடாப்டரின் 2, 3 பின்களிலும் செய்யுங்கள். பிறகு இரண்டையும் கேபிளால் இணைத்து, லினக்ஸ் பக்கத்தில் மினிகாம் அல்லது பைகோகாம் நிரலை 9600-இல் திறந்து, இரு பக்கமும் மாறி மாறித் தட்டுங்கள்.

வருவது குப்பையாக இருந்தால் குப்பையின் வகையைக் கவனியுங்கள். எல்லா எழுத்தும் சிதைந்திருந்தால் வேகம் பொருந்தவில்லை. சில எழுத்துகள் சரியாகவும் சில விசித்திரமாகவும் வந்தால் பாரிட்டி பொருந்தவில்லை. ஒருவர் 7 பிட் இரட்டைப் பாரிட்டியிலும் மற்றவர் 8 பிட்டிலும் பேசுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்றால் கேபிளுக்குத் திரும்புங்கள்.

படி 3: நடுப் பெட்டியிலேயே லாகின்

இப்போதும் நெட்வொர்க்கைத் தொடாதீர்கள். டெர்மினலில் நடுப் பெட்டியின் லாகின் வரியை முதலில் வரவழைக்க வேண்டும். இந்த வேலை அகெட்டி நிரலுடையது. சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் சீரியல்-கெட்டி என்ற வார்ப்புச் சேவை ஏற்கெனவே இருக்கும். அடாப்டரின் சாதனப் பெயரைச் சேர்த்து அதை இயக்கினால் போதும்.

இங்கே ஒரு பொறி. அந்தச் சேவை வழக்கமாக 115200-இல் தொடங்கும் வேகப் பட்டியலோடு வருகிறது. பழைய டெர்மினலுக்கு அது எட்டாது. சேவைக்கு ஒரு மேலெழுதும் கோப்பு உருவாக்கி, பட்டியலை நீக்கி 9600 மட்டும் எழுதுங்கள். பழைய தொடக்கக் கட்டளையை முதலில் வெற்று வரியால் அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கட்டளை இருப்பதாக சிஸ்டம்டி மறுத்துவிடும். பட்டியலை அப்படியே விட்டால் இன்னொரு விசித்திரமும் நடக்கும். டெர்மினலில் பிரேக் விசையைத் தட்டினால் அகெட்டி பட்டியலின் அடுத்த வேகத்துக்குத் தாவும். டயல்அப் காலத்தில் அது வசதி. இன்று யாரோ தவறி அழுத்தினால் திரை முழுக்கக் குப்பை.

படி 4: நெட்வொர்க்

உள்ளூர் லாகின் வந்துவிட்டதா? இனி சர்வருக்குப் போக எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்கத் தொலை லாகின் நிரல் போதும். நடுப் பெட்டியில் லாகின் செய்து கையால் ஒருமுறை எஸ்எஸ்ஹெச் இட்டுப் பாருங்கள். ஓடினால் தானாக்குவது சிறு வேலை. உரிமை ஏதும் இல்லாத ஒரு பயனரை உருவாக்குங்கள். அவருடைய ஷெல்லாக, அதாவது லாகின் ஆனதும் ஓடும் நிரலாக, எஸ்எஸ்ஹெச்-ஐ மட்டும் ஓட்டும் இரண்டு வரி ஸ்கிரிப்டை வையுங்கள். அகெட்டியின் தானியங்கி லாகின் விருப்பத்தில் அந்தப் பயனரைக் குறிப்பிடுங்கள். இனி டெர்மினலில் வருவது சர்வரின் கடவுச்சொல் கேள்விதான்.

கடவுச்சொல் தொல்லை எதற்கு என்று கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் செல்லும் எஸ்எஸ்ஹெச் திறவுகோலை, கடவுத்தொடர் பூட்டு இல்லாமல், நடுப் பெட்டியில் வைக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் அந்த நாற்காலியில் உட்காரும் எவரும் சர்வருக்குள் இருக்கிறார். வேண்டாம்.

தானியங்கி லாகினுக்கு ஒரு பக்க விளைவும் உண்டு. டெர்மினல் அணைந்திருந்தாலும் அகெட்டி எஸ்எஸ்ஹெச்-ஐ ஓட்டிக்கொண்டே இருக்கும். கடவுச்சொல் வராததால் ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வர் வழக்கமான அமைப்பில் 120 நொடி பொறுத்துவிட்டு இணைப்பை வெட்டும். உடனே அடுத்த முயற்சி. இரவு முழுவதும் சர்வரின் பதிவேட்டில் தோல்விகள் வரிசையாக விழும். யாரோ ஊடுருவ முயல்வதாக நிர்வாகி பதறுவார். அகெட்டிக்கு "என்டர் வரும்வரை காத்திரு" என்ற விருப்பம் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஆள் வந்து விசையைத் தட்டிய பிறகே இணைப்பு தொடங்கும்.

நெட்வொர்க் அறுந்தால் இரு பக்கமும் தானாக உணராது. லினக்ஸில் டிசிபியின் சொந்த உயிர்ச் சோதனை 7,200 நொடிக்குப் பிறகுதான் தொடங்கும்; அதுவரை செத்த திரை முன் உட்கார்ந்திருக்க வேண்டும். எஸ்எஸ்ஹெச் அமைப்பில் சர்வர்-அலைவ்-இன்டர்வெல் மதிப்பை 30 ஆக்கினால், பதிலில்லாத மூன்று முயற்சிக்குப் பின், ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் இணைப்பு முடிந்து லாகின் திரும்ப வரும்.

டெல்நெட்டா? சர்வர் மிகப் பழையதாக இருந்து வேறு வழியே இல்லை என்றால், தனிமைப்படுத்திய நெட்வொர்க்கில் மட்டும். கடவுச்சொல் வெட்டவெளியில் போகும்.

படி 5: டெர்மினல் வகையும் அளவும்

சர்வரில் உள்ள நிரல்கள், எதிரே இருப்பது என்ன டெர்மினல் என்று டெர்ம் மாறியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். அகெட்டி கட்டளையின் கடைசிச் சொல்லாக விடி220 என்று கொடுத்தால், எஸ்எஸ்ஹெச் அதைத் தானே சர்வருக்குக் கொண்டுபோகும். திரையின் அளவு அப்படி வராது. சீரியல் கம்பிக்குத் தன் மறுமுனையில் எத்தனை வரி இருக்கிறது என்று தெரியாது. ஷெல் ஸ்கிரிப்டில், எஸ்எஸ்ஹெச் தொடங்கும் முன், எஸ்டிடிஒய் கட்டளையால் 24 வரி, 80 பத்தி என்று எழுதிவிடுங்கள்.

இன்றைய எழுத்துக் குறியாக்கமான யுடிஎஃப்-8 இந்த டெர்மினல்களுக்குத் தெரியாது. சர்வரில் மொழியைக் குறிக்கும் லாங் மாறியை சி என்று வைக்காவிட்டால் கோட்டுப் படங்களும் மேற்கோள் குறிகளும் சிதறும். தமிழ்க் கோப்புப் பெயர்கள் எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம், படிக்க முடியாத குறிகளாகத் தெரியும்.

படி 6: "கொஞ்சம் பொறு"

எல்லாம் ஓடுகிறது. பிறகு நீண்ட கோப்பு ஒன்றைத் திரையில் ஓட விடுகிறீர்கள். நடுவில் வரிகள் விழுங்கப்படுகின்றன; நிறம் மாறுகிறது; கர்சர் எங்கோ குதிக்கிறது. டெர்மினல் நிரம்பி வழிந்திருக்கிறது.

டெர்மினலால் வரைய முடியாத வேகத்தில் எழுத்து வந்தால் அது எக்ஸ்ஆஃப் என்ற எழுத்தை அனுப்பும், கன்ட்ரோல்-எஸ் அதேதான். தயாரானதும் எக்ஸ்ஆன், அதாவது கன்ட்ரோல்-க்யூ. சாதாரணமாக லினக்ஸின் மையமான கர்னல் அதைக் கேட்டதும் அனுப்புவதை நிறுத்தும். ஆனால் எஸ்எஸ்ஹெச் தொடங்கியதும் உள்ளூர் கம்பியை எல்லா எழுத்தையும் அப்படியே கடத்தும் கச்சா நிலைக்கு மாற்றி, கர்னலின் அந்தக் காதை அடைத்துவிடுகிறது. டெர்மினலின் "பொறு" இப்போது வெறும் எழுத்தாக நெட்வொர்க்கைக் கடந்து சர்வருக்குப் போகிறது. சர்வர் கேட்டு நிறுத்தும்தான். அதற்குள் வழியில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதே கேள்வி. நடுப் பெட்டியின் வெளியேற்றத் தாங்கலில் மட்டும் 4,096 பைட் காத்திருந்தால், 9600 வேகத்தில் அது தீர 4 நொடிக்கு மேல் ஆகும். டெர்மினலின் உள் தாங்கலோ அதைவிடப் பன்மடங்கு சிறியது. நெட்வொர்க் எவ்வளவு விரைவாக இருந்தாலும் இது தீராது. "பொறு" என்பதை நடுப் பெட்டியே கேட்க வேண்டும்.

மூன்று வழிகள் உண்டு. உங்கள் டெர்மினல் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளால் பேசக்கூடியது என்றால் அதையே பயன்படுத்துங்கள். சிறந்தது அதுதான், எழுத்துகளோடு கலக்காது. விடி100 காலத்து டெர்மினல்களுக்கு அது தெரியாது. இரண்டாவது: எஸ்எஸ்ஹெச் தொடங்கிய பின், வேறொரு ஷெல்லிலிருந்து எஸ்டிடிஒய் கட்டளையால் அதே சீரியல் சாதனத்துக்கு அந்தக் காதைத் திறக்கும் ஐஎக்ஸ்ஆன் கொடியை மீண்டும் ஏற்றுவது. வேலை செய்யும், ஒட்டுப்போட்ட தீர்வு. மூன்றாவது நான் வைத்திருப்பது: நடுப் பெட்டியில், அமர்வைத் தன்னுள் வைத்து நடத்தும் ஸ்கிரீன் நிரலை ஓட்டி, அதனுள் எஸ்எஸ்ஹெச். ஸ்கிரீனின் அமைப்பில் டெஃப்-ஃப்ளோ என்பதை ஆன் ஆக்கினால், உண்மையான கம்பியில் கர்னலின் காது திறந்தே இருக்கும். அதே வகை நிரலான டிமக்ஸ் இங்கே உதவாது. அதுவும் காதை அடைத்துவிடும்.

இதற்கு விலை ஒன்று உண்டு. கன்ட்ரோல்-எஸ் இனி சர்வரில் உள்ள நிரலைச் சென்றடையாது. ஈமேக்ஸ் உரைத் தொகுப்பியில் தேடுவதற்கு அதே விசைதான். ஈமேக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கும் விடி100 வைத்திருப்பவர்களுக்கும் இடையே நடந்துவரும் மிகப் பழைய சண்டை இது. தேடலை வேறு விசைக்கு மாற்றிக்கொள்வதே சமாதானம்.

படி 7: அணைத்தால் முடிய வேண்டும்

ஒருமுறை நான் மூன்று கம்பிக் கேபிளோடு ஒரு டெர்மினலை மாட்டி, எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக வேலை பார்த்துவிட்டு, மாலையில் டெர்மினலை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் வந்த இன்னொருவர் அதை இயக்கி என்டரைத் தட்டினார். நேற்று நான் விட்ட இடத்தில், ரூட் குறியோடு ஷெல் அவரை வரவேற்றது. நல்ல மனிதர், எனக்குச் சொல்லி அனுப்பினார். சர்வரைப் பொறுத்தவரை தவறு எதுவும் நடக்கவில்லை. டெர்மினல் அணைந்ததை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது டிடிஆர் கம்பி. டெர்மினல் அணைந்ததும் டிடிஆர் விழும். கேபிள் அதை அடாப்டரின் டிசிடி பின்னில் கொண்டுவந்து காட்டும். ஆனால் லினக்ஸ் தொடக்கத்திலேயே சி-லோக்கல் என்ற கொடியை ஏற்றி வைத்திருக்கிறது. "மோடம் கம்பிகளைப் பொருட்படுத்தாதே" என்பது அதன் பொருள். அகெட்டியின் லோக்கல்-லைன் விருப்பத்தை "நெவர்" என்று கொடுத்து அந்தக் கொடியை இறக்குங்கள். இனி டிசிடி விழுந்ததும் கர்னல் அந்த அமர்வுக்கு ஹேங்அப் சமிக்ஞை அனுப்பும், எஸ்எஸ்ஹெச் சாகும், சர்வரில் உள்ள ஷெல்லும் முடியும்.

படி 6-இல் ஸ்கிரீனைச் சேர்த்திருந்தால் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஹேங்அப் வந்தால் ஸ்கிரீன் சாகாது. அமர்வைப் பத்திரமாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். அதன் புகழே அதனால்தான். இங்கே அதுவே ஓட்டை. ஆட்டோ-டிடாச் என்பதை ஆஃப் ஆக்குங்கள்.

சோதிக்காமல் நம்பாதீர்கள். டெர்மினலில் லாகின் செய்யுங்கள். வேறொரு கணினியிலிருந்து சர்வரில் ஹூ கட்டளையை இட்டு உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டெர்மினலை அணைத்துவிட்டு மீண்டும் ஹூ. பெயர் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை என்றால் மல்டிமீட்டரோடு 9 பின் பக்கத்தின் 1-ஆம் பின்னுக்குப் போங்கள். டெர்மினல் இயங்கும்போது நேர் மின்னழுத்தம், அணைந்ததும் அது இல்லாமல் போக வேண்டும். மலிவு அடாப்டர் சிலவற்றில் அந்தப் பின் உள்ளே எதனோடும் இணைக்கப்படாமலே இருக்கும்.

ஒன்றுக்கு மேல் டெர்மினல்கள்

இரண்டாவது அடாப்டரை மாட்டியதும் சாதனங்களின் பெயர் வரிசை நிலையற்றதாகிவிடும். மறுதொடக்கத்துக்குப் பின் 0 என்பது 1 ஆகலாம். லினக்ஸ் அடாப்டரின் அடையாள எண்ணைக் கொண்டு நிலையான பெயர்களைத் தனி அடைவில் வைக்கிறது. பல மலிவு அடாப்டர்களுக்குத் தனி எண் கிடையாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வரும். அப்போது எந்த யுஎஸ்பி துளையில் மாட்டியிருக்கிறது என்பதை வைத்து அமையும் பாதைப் பெயரைப் பயன்படுத்தி, துளைகளில் எண் ஒட்டிவிடுங்கள்.

எதிர்த் திசை

இதே பெட்டியைத் திருப்பிப் போட்டால் வேறு வேலைக்கும் ஆகும்: சர்வர் அல்லது ரவுட்டரின் சீரியல் கன்சோலை நெட்வொர்க் வழியாக எட்டுவது. செர்2நெட் நிரல் ஒரு டிசிபி போர்ட்டைத் திறந்து சீரியல் கம்பியோடு இணைக்கும். அந்தப் போர்ட்டுக்குக் கடவுச்சொல் பாதுகாப்பு இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். அதை 127.0.0.1 முகவரியில் மட்டும் திறந்து, வெளியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக வாருங்கள்.

வேகத்தையும் மோடம் கம்பிகளையும் தூரத்திலிருந்தே மாற்ற வேண்டும் என்றால், 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2217 என்ற டெல்நெட் நீட்டிப்பை இரு பக்கமும் பேச வேண்டும். எழுத்துகளை மட்டும் கடத்தும் கச்சா முறையில் பிரேக் சமிக்ஞை கடக்காது; அது எழுத்தல்ல, கம்பி நீண்ட நேரம் ஒரே நிலையில் இருப்பது. டெல்நெட்டில் அதற்கெனக் கட்டளை உண்டு. ஒரு பக்கம் கச்சா, மறுபக்கம் டெல்நெட் என்று கலந்தால் 255 என்ற பைட் இரட்டிக்கும். என்டர் ஒருமுறை தட்டினால் லாகின் இரண்டு முறை கேட்கும்.

பிரேக்கைப் பற்றிக் கடைசியாக ஒன்று. சன் நிறுவனத்தின் பழைய சர்வர்கள் கன்சோலில் பிரேக் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, கட்டளைக்குக் காத்திருக்கும் ஓகே குறிக்கு இறங்கிவிடும். நடுப் பெட்டியின் மின்சாரம் போய் வந்தபோது கம்பியில் எழுந்த சலனத்தையே சில சர்வர்கள் பிரேக் என்று எடுத்துக்கொண்டு நின்றுபோனது உண்டு. அப்படிப்பட்ட இயந்திரம் உங்கள் கம்பியின் மறுமுனையில் இருந்தால், பெட்டியை மறுதொடக்கம் செய்யும் முன் அந்தக் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.